காவிரி சுமக்கும் மண்

காவிரியைப் பற்றி நம் காலத்தில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் ஏறக்குறைய முழுவதும் நீரைப் பற்றியவை. 2007ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் அந்நதியின் ஓராண்டு நீர்வளத்தை 740 டி.எம்.சி. என்று மதிப்பிட்டு, அதில் 419ஐத் தமிழ்நாட்டுக்கும், 270ஐக் கர்நாடகத்துக்கும், 30ஐக் கேரளத்துக்கும், 7ஐப் புதுச்சேரிக்கும் பகுத்தளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யை எடுத்துக் கர்நாடகத்தின் பங்கோடு சேர்த்தது. தசம பின்னம் வரையில் இத்துணை நுட்பமாகச் செய்யப்பட்ட அந்தப் பங்கீட்டில், காவிரி தான் பிறந்த நாள் தொட்டு நீரோடு கூடவே சுமந்துவரும் மற்றொரு பொருளாகிய மண்ணுக்குப் பங்கு ஏதும் பேசப்படவில்லை. நதியின் வேலை நீரைக் கொண்டுபோவது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்; மலையைக் கரைத்துத் தாழ்த்துவதும், அந்த மண்ணைக் கொண்டு கடலைத் தூர்த்து நிலமாக்குவதுமே அதன் ஆதி காரியம் என்பதையும், நீர் அக்காரியத்துக்கு வாய்த்த கருவி என்பதையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஓர் ஆறு எவ்வாறு இயங்குகிறது, அது தன் வடிநிலத்தை எவ்வாறு உருவாக்குகிறது, அவ்வுருவாக்கத்தில் மனிதன் கைவைக்கும்போது என்ன நிகழ்கிறது என்னும் கேள்விகளை, நாம் நன்கறிந்த காவிரியையே முன்னிறுத்தி ஈண்டு ஆராயலாம்.

வடிநிலம் என்பது, எந்தப் பிரதேசத்தில் விழும் மழை ஒரே வாயில் வழியாகக் கடலை அடைகிறதோ அந்தப் பிரதேசம் முழுவதும் ஆகும். காவிரியின் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ளது. அதில் பாதிக்குச் சற்று மேலான பகுதி தமிழ்நாட்டிலும், நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு கர்நாடகத்திலும், கபினி, பவானி, அமராவதி ஆகிய துணையாறுகளின் தலைப்பாகம் கேரளத்திலும் அடங்கும். அந்த எல்லையைக் காட்டும் கோடு பூமியின் மேல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை எனினும், அதைப் போல நிச்சயமான எல்லை வேறில்லை. குடகிலே பிரம்மகிரித் தொடரின் முகட்டில், கடல் மட்டத்துக்கு மேல் 1,341 மீட்டர் உயரத்திலுள்ள தலைக்காவேரியின் அருகே, முகட்டுக்கு மேற்கே விழும் துளி ஓரிரு நாளில் அரபிக்கடலைச் சேர்ந்துவிட, முகட்டுக்குக் கிழக்கே அடுத்தாற்போல் விழும் துளி, கடல் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் இருந்தும் அதற்குப் புறங்காட்டி, எண்ணூறு கிலோமீட்டர் நடந்து பூம்புகாருக்குப் போகிறது.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் தக்காணத்தின் சாய்வு. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளந்து மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து பிரிந்து சென்ற காலத்தில் அந்தப் பக்கம் உயர்ந்த விளிம்பாக நின்றுவிட்டது என்றும், தீபகற்பம் முழுவதும் அவ்விளிம்பிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்து கிடக்கிறது என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கருதுகின்றனர். ஆகவேதான் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, தாமிரபரணி ஆகிய நதிகள் யாவும் மேற்கு மலையில் பிறந்து கீழைக் கடலில் கலக்கின்றன. எனினும் அந்த முகடு நிலையானதன்று. மேற்கே பாயும் சிற்றாறுகள் குறுகிய தூரத்தில் பேருயரம் இறங்குவதால் மிகுந்த வேகமும் அரிக்கும் சக்தியும் பெற்று, தம் தலைப்பை ஆண்டுதோறும் கிழக்கே தள்ளிக் குடைந்துகொண்டு வருகின்றன. ஒரு காலத்தில் கிழக்கே பாயும் நதியொன்றின் மேற்பகுதியை அவை வழிமறித்துத் தம்பால் இழுத்துக்கொள்வதும் உண்டு. இதை நதிக் கவர்ச்சி என்பர். நம் காவிரியே ஒகேனக்கலுக்குக் கீழே திடீரென்று தெற்கே திரும்பி மேட்டூர், பவானி, ஈரோடு என்று இறங்குவதைக் கண்டு, அது பூர்வத்தில் கிழக்கே வேறு வழியில் சென்று பாலாறு, பெண்ணையாறு ஆகியவற்றின் பாதையில் கடலடைந்திருக்கக்கூடும் என்று அனுமானிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அனுமானம் மெய்யாயினும் அல்லாவிடினும், நதியின் வழி மாறக்கூடியது என்ற பொதுவான உண்மையில் ஐயமில்லை.

நதிநீர் முழுவதும் மழையிலிருந்தே வருகிறது என்பது இன்று நமக்குச் சாமானிய அறிவு. ஆனால் ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டு வரையில், கடல்நீர் பூமிக்குள் இரகசியக் குகைகளின் வழியே ஏறி மலையில் ஊற்றாகிறது என்று கற்றறிந்தோரும் நம்பினர். பிரான்சு தேசத்துப் பியேர் பெரோ என்பவர் சேன் நதியின் தலைப்பிலுள்ள வடிநிலத்தில் விழும் மழையையும் அங்கே ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஆற்றுநீரைப் போல் ஆறு மடங்கு இருப்பதை 1674இல் வெளியிட்டார். முன்னிருந்த கேள்வி அத்துடன் தலைகீழாயிற்று. ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது போய், விழுந்த மழையில் ஆற்றுக்கு வராத பெரும்பகுதி எங்கே போகிறது என்பதே ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. ஒரு பகுதி மண்ணில் ஈரமாக நின்று வெயிலுக்கும் வேருக்கும் இரையாகிறது. ஒரு பகுதி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உடனே ஓடி வெள்ளமாகிறது. மற்றொரு பகுதி ஆழ இறங்கி, பாறை வெடிப்புகளிலும் மணற்படுகைகளிலும் மெல்ல ஊர்ந்து, மழை ஓய்ந்து பல மாதங்களான பின்பு ஆற்றில் வந்து சேர்கிறது. சித்திரை வைகாசியில், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலாய்க் கிடக்கும் ஆற்றில் முழங்கால் ஆழத்துக்குக் கையால் ஊற்றுத் தோண்டி, முதலில் சுரக்கும் கலங்கல் நீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், பக்கங்களிலிருந்து மணலை இலேசாகச் சரித்துக்கொண்டு தெளிந்த நீர் கசிந்து வந்து ஒரு மட்டத்தில் நிற்பதைக் காணலாம். வறண்டதாகத் தோன்றும் ஆறு அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கரையோரத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கி நிற்பதும் அந்த அடியோட்டமே.

வடிநிலத்தின் எல்லாப் பகுதிகளும் ஆற்றுக்குச் சமமாக நீர் தருவதில்லை. மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள மைசூரில் அதில் மூன்றில் ஒரு பங்கும் பெய்வதில்லை. மலையின் மழைமறைவிலே கிடக்கும் கரூர்ப் பகுதியிலோ அதனினும் குறைவு. குடகு, வயநாடு, நீலகிரி என்னும் மேற்கோர மலைநாடுகள் தென்மேற்குப் பருவக் காற்றில் பெறும் மழைதான் காவிரியின் முதல். இடையிலுள்ள பரந்த மேட்டுநிலம் செலவாளி. ஆனி, ஆடி மாதங்களில் ஒரு துளி மழையில்லாத தஞ்சைத் தரணியில், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் நுங்கும் நுரையுமாகப் புதுப்புனல் வருவதும், அதைப் பதினெட்டாம் பெருக்கென்று ஜனங்கள் படித்துறைகளில் கூடிக் கொண்டாடுவதும் இந்த அமைப்பின் விளைவே. அதே தரணிக்கு உரிய மழை ஐப்பசியில் வடகிழக்குப் பருவக் காற்றோடு தனியே வருகிறது. ஒரு பருவத்தை ஆற்றின் வழியாகவும் மறு பருவத்தை ஆகாயத்தின் வழியாகவும் பெறுவதனாலேதான் குறுவை, சம்பா, தாளடி என்று அங்கே சாகுபடி அடுக்கடுக்காக அமைந்தது.

சிற்றோடைகள் கூடி ஓடையாகி, ஓடைகள் கூடி ஆறாகும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. எடின்பரோ நகரத்து ஜான் பிளேஃபேர் 1802இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார்: ஒவ்வொரு ஆறும் தன் பருமனுக்குத் தக்க பள்ளத்தாக்கில் ஓடுகிறது, துணையாறுகள் அநேகமாகத் துள்ளிக் குதிக்காமல் பேராற்றின் மட்டத்திலேயே வந்து சேருகின்றன, பள்ளத்தாக்குகள் முன்னமே வெட்டி வைக்கப்பட்டு ஆறுகள் பிற்பாடு அவற்றில் வந்து புகுந்திருந்தால் இத்தனை ஆயிரம் சங்கமங்களிலும் இப்படியொரு பொருத்தம் வாய்த்திருக்க முடியாது. ஆகவே பள்ளத்தாக்கை வெட்டியது அதில் ஓடும் ஆறே என்பது அவர் முடிவு. அமெரிக்கரான ராபர்ட் ஹார்ட்டன் 1945இல் இந்த ஒழுங்கை எண்களாகவே எழுதிக் காட்டினார். கிளையற்ற தலையோடைகளை முதல் வரிசை என்று கொண்டு மேலே எண்ணிச் சென்றால், ஒவ்வொரு வரிசைக்கும் ஓடைகளின் தொகை ஏறத்தாழ ஒரே விகிதத்தில், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவோ ஐந்தில் ஒன்றாகவோ, குறைந்துகொண்டு போகிறது. பாறையின் அமைப்பு இந்த ஒழுங்கை ஆங்காங்கே மீறச் செய்யும். நீலகிரியில் பிறந்து கேரள எல்லைக்குள் சென்று அட்டப்பாடியில் திரும்பும் பவானி, அதன்பின் கோடிட்டாற்போல் கிழக்கே ஓடுவதற்குக் காரணம், பூமியின் ஆழத்தில் அரைபட்டு நலிந்த ஒரு பாறைப் பட்டையை அது பிடித்துக்கொண்டு செல்வதே ஆகும். ஆறு எப்போதும் எளிய வழியைத் தேடுகிறது. அது கண்டுபிடித்த எளிய வழிகளின் தொகுப்பே நாட்டின் நிலப்படம்.

இனி மண்ணுக்கு வருவோம். காவிரி வடிநிலத்தின் பெரும்பகுதி மிகப் பழமையான கடும்பாறையாலானது. அப்பாறையில் மழைநீரும் வேர்களும் நூறாயிரம் ஆண்டுக் கணக்கில் வேலை செய்யும்போது, அதிலுள்ள பலவகைக் கனிமங்கள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஃபெல்ஸ்பார் நெகிழ்ந்து களியாகிறது. குவார்ட்ஸ் கரையாமல் பரலாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே பாறையின் களிமண் தஞ்சையின் வயலுக்கும், பரல் திருச்சியின் ஆற்றுமணலுக்கும் போகின்றன. திருச்சிக்கருகே ஆற்றில் இறங்கி ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பவர்க்கு, கண்ணாடித் துணுக்குப் போன்ற குவார்ட்ஸ் பரல்களுக்கிடையே வெயில் பட்டு மினுங்கும் அப்பிரகத் தகடுகளும், காந்தத்துக்கு ஒட்டும் கரும்பொடியும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செந்நிறக் கோமேதகச் சிதறல்களும் புலப்படும். கையை நீரில் அலசினால் கனமான கருமணல் பின்தங்க, இலேசானது முந்திப் போகும். எதை எங்கே இறக்கி வைப்பது என்று ஆறு செய்யும் தேர்வு முழுவதும் அந்த ஒரு கைப்பிடியில் நடந்து முடிகிறது.

ஆறு மண்ணை மூவகையாகச் சுமக்கிறது. சுண்ணம், உப்பு முதலியன நீரில் கரைந்தே போகின்றன. வண்டல் நீரில் மிதந்து போகிறது. மணலும் கூழாங்கல்லும் படுகையின் மேல் உருண்டும் தத்தியும் போகின்றன. வேகம் இரட்டித்தால் ஆறு நகர்த்தக்கூடிய கல்லின் எடை அறுபத்து நான்கு மடங்காகும் என்பது பழைய கணக்கு. ஆண்டில் பதினொரு மாதம் ஒன்றும் செய்யாததுபோல் கிடக்கும் ஆறு ஒரு வாரத்து வெள்ளத்தில் ஆண்டு முழுமைக்குமான வேலையை முடித்துவிடுவதன் இரகசியம் இதுதான். வெள்ளத்தை நாம் விபத்தாகக் கருதுகிறோம். ஆற்றின் பார்வையில் அதுவே வேலை நாள். மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. மணலைக் கிளப்புவதற்கு வேண்டிய வேகத்தைவிட, படிந்து இறுகிவிட்ட களியைக் கிளப்புவதற்கு அதிக வேகம் வேண்டும் என்று சுவீடன் தேசத்து ஹுல்ஸ்ட்ரோம் 1935இல் காட்டினார். நுண்ணிய மண் சுமப்பதற்கு எளிது, பெயர்ப்பதற்கு அரிது. டெல்டாவின் வாய்க்கால்களில் ஒருமுறை படிந்த களியை மறுவெள்ளம் அடித்துக்கொண்டு போகும் என்று நம்பியிராமல் ஆண்டுதோறும் தூர் வாரியே தீரவேண்டியிருப்பதற்கு இதுவே ஹேது.

மலையில் அரிப்பு, இடையில் சுமப்பு, கடலோரத்தில் படிவு என்று பள்ளிப் பாடங்கள் ஆற்றை மூன்று பருவமாகப் பிரிக்கும். இதற்கு மூலம், அமெரிக்கப் பேராசிரியரான வில்லியம் மாரிஸ் டேவிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சித்தாந்தம். நிலத்தோற்றம் இளமை, முதிர்ச்சி, முதுமை என்று வயதேறிக் கடைசியில் சமவெளியாய்த் தேய்ந்துவிடும் என்பது அது. அழகான சித்தாந்தம்தான், ஆயினும் அதை ஓர் ஆற்றின் நீளத்தின் மேல் வரிசையாகப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் காவிரியின் முன் நிற்கமுடியாது. குடகிலிருந்து இறங்கிய காவிரி மைசூர் மேட்டுநிலத்தில் அவசரமற்று நடந்து, சீரங்கப்பட்டணத்தில் இரண்டாகப் பிரிந்து கூடி, வயோதிக நதிக்குரிய இலட்சணங்களையெல்லாம் காட்டியபின், மேட்டுநிலத்தின் விளிம்பாகிய சிவசமுத்திரத்தில் ஏறக்குறைய முந்நூறு அடி தலைகுப்புற விழுகிறது. பிறகு மேக்கேதாட்டுவில் பாறை இடுக்கில் நெருக்குண்டு, ஒகேனக்கலில் மறுபடி விழுகிறது. அங்கே பாறைத் தரையில் வட்ட வட்டமாக, சில அடி ஆழமுள்ள குழிகள் காணப்படும். உள்ளே கைவிட்டால் வழுவழுப்பான உருண்டைக் கற்கள் அகப்படும். சுழலில் அகப்பட்டுச் சுழன்ற அந்தக் கற்களே குழியைக் குடைந்த உளி. நடுவயதில் இப்படியொரு இளமை நதிக்கு எப்படி வந்தது? நிலம் எழுந்தபோது கீழ்ப்பகுதியில் தோன்றிய புதிய சரிவு, அருவியாக உருவெடுத்து, மெல்ல மெல்ல மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது என்பதே பொருந்தும் விடை. ஆறு தன் நீருக்கும் சுமைக்கும் ஏற்ற சரிவைத் தானே அமைத்துக்கொள்ள முயல்கிறது என்றும், அவற்றுள் ஒன்று மாறினும் சரிவைத் திருத்திக்கொள்கிறது என்றும் பூகர்ப்ப சாஸ்திரியான கில்பர்ட் 1877இல் கூறிய கருத்தையே நான் டேவிசின் வயதுக் கணக்கைவிட உண்மைக்கு அண்மையதாகக் கருதுகிறேன்.

காவிரியின் நடுவே அரங்கன் பள்ளிகொண்ட மூன்று தீவுகளை ஆதி, மத்திய, அந்திய அரங்கங்கள் என்று பக்தர்கள் வரிசைப்படுத்துவர். சீரங்கப்பட்டணமும் சிவசமுத்திரமும் பாறையைச் சுற்றி ஆறு பிரிந்ததால் உண்டானவை; ஸ்ரீரங்கமோ ஆறு தானே கொண்டுவந்து குவித்த வண்டலின் மேல் நிற்பது. அங்கே காவிரியின் குணம் மாறிவிட்டது.

அந்த மாற்றத்தைச் சொல்லுமுன் ஆற்றின் வளைவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சமநிலத்தில் எந்த ஆறும் நெடுந்தூரம் நேராக ஓடுவதில்லை. வளைவில் நீரின் மேற்பரப்பு புறக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அடித்தளத்து நீர் தரையில் உராய்ந்து வேகம் குன்றுவதால் உட்கரையை நோக்கித் திரும்புகிறது. இவ்விதம் நீர் திருகிக்கொண்டே முன்செல்கிறது. தேநீர்க் கோப்பையைக் கலக்கினால் தூள் விளிம்புக்குப் போகாமல் நடுவில் குவிவதும் இதே நியதியால்தான் என்று ஐன்ஸ்டீன் 1926இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். வளைவிலே ஒருவர் உட்கரையிலிருந்து ஆற்றைக் குறுக்கே கடந்து நடந்தால், முதலில் கால் புதையும் நொய்ம்மணல் திட்டும், பின் படிப்படியாக ஆழமும், கடைசியில் வேர்கள் வெளியே தொங்கும் செங்குத்தான மண்சுவரும் வரும். அந்தச் சுவரிலிருந்து பெயர்ந்த மண் கீழே அடுத்த வளைவின் உட்கரையில் திட்டாகிறது. ஒரு கிராமத்து நிலம் கரைய மறு கிராமத்துக்கு நிலம் சேர்கிறது. ஆற்றங்கரை ஊர்களில் புறம்போக்குப் படுகையைப் பற்றித் தலைமுறைகளாக நடந்துவரும் வழக்குகளுக்கு ஆதி காரணம் இந்தச் சுழற்சிதான்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு வரையில் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு பெருகிவந்த காவிரி, அங்கிருந்து பிரியத் தொடங்குகிறது. வடக்கே கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறு, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைத்துக் கிளைத்து, அகண்ட காவிரியாய்க் குளித்தலையில் கண்ட ஆறு, மயிலாடுதுறைக்கப்பால் ஒரு வாய்க்காலளவாய்ச் சிறுத்துக் கடலடைகிறது. கல்லணைக்குக் கீழே நிலத்தின் சரிவு மைலுக்கு இரண்டு மூன்று அடிக்கு மேல் இல்லை. சரிவு குறைய வேகம் குறைகிறது. வேகம் குறையச் சுமை இறங்குகிறது. வெள்ளம் கரை புரளும்போது, பருமணல் கரையோரத்திலேயே விழுந்துவிட, நுண்களி தூரத்து வயலுக்குச் செல்கிறது. இப்படிப் பல்லாயிரம் வெள்ளங்களில் கரைகள் உயர்ந்து, டெல்டாவின் ஆறுகள் யாவும் மேட்டின் மேல் ஓடுகின்றன. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமே பள்ளம். கரைமேட்டின் மணல் கலந்த படுகையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், உள்ளே தள்ளிக் களிப்பாங்கான பூமியில் நெல்லும் என்று தஞ்சையின் குடியானவன் பயிரைப் பகுத்துக்கொண்டது இந்த மண்ணடுக்கைக் கண்டுதான். மேட்டில் ஓடும் ஆற்றிலிருந்து மதகு வழியே நீர் தானே இறங்கிப் பாய்வது எளிது. மழை மிகுந்தால் அந்நீர் மறுபடி ஆற்றில் ஏறமுடியாது என்பதால் வடிகால் தனியே வேண்டும். பாசனத்தை மட்டும் எண்ணி வடிகாலை மறந்த இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் கடைமடை வயல்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஆறு, ஒரு நாள் அந்த மேட்டைவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் குதித்து வழி மாறியே தீரும். சீனத்தின் மஞ்சள் ஆறு 1855இல் தன் முகத்துவாரத்தையே ஷான்டுங் தீபகற்பத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. பீகாரின் கோசி சுமார் இரு நூற்றாண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்து, கரைகளுக்குள் அடைக்கப்பட்ட பிறகும் 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் உடைத்துக்கொண்டு பழைய வழிக்கே பாய்ந்தது.

காவிரியும் இத்தகைய தருணத்தை ஒருமுறை நெருங்கியது. முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளுள் கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழி. ஆகையால் சரிவு மிக்கது. காவிரிக் கிளையோ மணல் சேர்ந்து மேடாகிக்கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்காண்டு நீர் கொள்ளிடத்துக்கே போய், தஞ்சையின் வாய்க்கால்கள் காயலாயின. ஆர்தர் காட்டன் என்ற இளம் பொறியாளர் 1836இல் தொடங்கிக் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். திருப்பிய பின்புதான் ஆற்றின் மறுமொழி தெரிந்தது: மிகுதியாக நீர் பெற்ற காவிரி தன் தரையை அரிக்கத் தொடங்கியது, நீர் குறைந்த கொள்ளிடம் மணல் சேர்ந்து மேடாகியது. மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும், காவிரித் தலைப்பில் குறுக்கே தடுப்பு அமைத்தும் சில ஆண்டுகள் பாடுபட்ட பின்னரே சமநிலை திரும்பியது. நீரைப் பங்கிட்டால் மண்ணும் பங்கிடப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை வேறு எதுவும் நடந்ததாகத் தோன்றவில்லை.

காட்டனுக்கு ஆசிரியராய் இருந்தது கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த 1,080 அடி நீளக் கற்கட்டு, பாறையைத் தொடாமல் ஆழங்காணா மணலின் மேலேயே நிற்கிறது. பெருங்கற்களை மணலில் இட்டால் நீரோட்டம் அடிமணலை அரிக்க அவை அமிழும். அமிழ்ந்தவற்றின்மேல் மேலும் இட்டால் ஓரளவுக்குப் பின் அமிழ்வது நின்றுவிடும். அந்த இடமே அஸ்திவாரம். ஆற்றின் அரிப்பையே கொத்தனாகக் கொண்டு எழுப்பிய இந்த வித்தையை எம் முன்னோரிடம் கற்றதாகக் காட்டன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டை எழுப்பும்போது அதையே கையாண்டார். கல்லணை ஆற்றைத் தேக்குவதற்காக எழுந்ததன்று என்பதையும் நோக்கவேண்டும். ஆற்றுக்கு வழிகாட்டி, நீரையும் வண்டலையும் கிளைகளுக்குப் பகிர்ந்தளித்து, மிகுந்த வெள்ளத்தைத் தலைக்கு மேல் போகவிடுவது அதன் முறை.

1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை வேறு இனத்தைச் சேர்ந்தது. 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. அடக்கும் அந்த நீர்த்தேக்கம், அதற்குச் சற்று முன் மைசூர் அரசு முடித்த கிருஷ்ணராஜ சாகரத்தோடு சேர்ந்து, காவிரியின் பருவ ஒழுங்கையே மாற்றியது. 1924இல் கண்டது போன்ற பிரளயத்தை அடக்கவும், குறுவைக்கு ஜூன் 12 என்று நாள் குறித்து நீர் திறக்கவும் அதனால் முடிந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்களின் சோற்றுக்கு அது பொறுப்பு. அந்த நன்மையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தேங்கிய நீரில் வேகம் அற்றுப்போகிறது. வேகம் அற்ற இடத்தில் மண் இறங்கிவிடுகிறது. மேட்டூர் மதகை விட்டு வரும் நீர் தெளிந்தது. சுமையற்ற நீருக்கு அரிக்கும் பசி அதிகம். கீழே உள்ள ஆறு மேலிருந்து புது மணல் பெறாமல், இருக்கும் மணலை இழக்கிறது. இதன்மேல் நம் நகரங்களின் கட்டடங்களுக்காக லாரி லாரியாக அள்ளப்பட்ட மணலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆற்றின் தரை தாழ்ந்த இடங்களில், முன்பு இடுப்பளவு நீரிலேயே ஏறிப் பாய்ந்த வாய்க்கால் தலைப்புகள் இன்று அந்தரத்தில் நிற்கின்றன. ஆற்றில் நீர் ஓடினும் வாய்க்காலில் ஏறுவதில்லை. கரையோரக் கிணறுகளின் மட்டமும் தரையோடு இறங்கிவிட்டது. 2018 ஆகஸ்டில் குடகின் மலைச்சரிவுகள் பெருமழையில் பெயர்ந்து விழுந்த அதே மாதத்தில், மேட்டூரிலிருந்து வினாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டித் திறந்துவிடப்பட்ட வெள்ளத்தில், முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண்கள் சரிந்து விழுந்தது. பழமையும் காரணம்தான், காலடி மணல் இறங்கிப்போன ஆற்றில் எந்தக் கட்டுமானத்துக்கும் ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்தே சிந்திக்கவேண்டும்.

மேட்டூருக்கு மேலே நின்றுபோன மண்ணை டெல்டாவின் முனையில் தேடுகிறது கடல். டெல்டா என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருளன்று. படிந்த களி தன் பாரத்தாலேயே இறுகித் தாழ்ந்துகொண்டிருக்கும். அலை ஓரத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் புது வண்டல் வந்து இவ்விரு நஷ்டத்தையும் ஈடுசெய்தால்தான் நிலம் நிலமாக நிற்கும். காவிரிப் படுகையின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த படிவங்கள் சில ஆயிரம் மீட்டர் கனமுள்ளவை. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது அவற்றிலிருந்துதான். அத்தனை கனத்துக்குப் படிவு சேரமுடிந்ததே, அடித்தளம் தாழத் தாழ மேலே மண் வந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று. வரவு நின்றபின் தாழ்வு மட்டும் தொடருகிறது. தரங்கம்பாடியில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலுக்கு இரையாகிவிட்டது. அது மேட்டூருக்கு முன்பே தொடங்கிய அழிவு. ஆறுகள் மண் கொண்டுவந்த காலத்திலேயே கடலின் கை இவ்வளவு நீண்டிருக்க, மண் வராத காலத்தில் அது எவ்வளவு நீளும் என்பது கேள்வி. உப்புநீர் ஆற்றின் வாய் வழியாகவும் நிலத்தடியிலும் உள்ளே ஏறுவது வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் குடியானவர்களுக்கு நேரே தெரிந்த துன்பம். ஆற்றுநீர் கடலில் கலந்து வீணாகிறது என்று மேடைதோறும் கேட்கிறோமே, அந்தச் சொல் மிகவும் தவறானது என்பது என் அபிப்பிராயம். உப்பைத் தள்ளி நிறுத்துவதும், பிச்சாவரத்தின் சதுப்புக் காட்டுக்கு உயிர் கொடுப்பதும், மிஞ்சிய வண்டலைக் கரைக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்த நீரே. நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய 10 டி.எம்.சி.யும், கடலுக்குத் தப்பிச் செல்வதாகக் கணக்கெழுதிய 4 டி.எம்.சி.யும் இந்தக் காரியங்களுக்குப் போதுமா என்பதை எவரும் மண்ணைக் கொண்டு நிறுத்துப் பார்த்து முடிவு செய்யவில்லை.

தேக்கிய ஆற்றிலும் மண்ணைக் கீழே அனுப்ப வழியுண்டா என்றால், உண்டு. மஞ்சள் ஆற்றின் சான்மென்சியா அணை 1960இல் நீர் பிடிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே தூர்ந்துபோகக் கண்ட சீனர்கள், அதன் அடிப்பாகத்தில் மதகுகளைத் திறந்து, கலங்கல் வெள்ளம் வரும் மாதங்களில் தேக்காமல் போகவிட்டு, நீர் தெளிந்த பின்னரே சேமிப்பது என்னும் முறைக்கு மாறினர். பிற்பாடு சியாவ்லாங்டி அணையில் 2002 முதல் ஆண்டுதோறும் செயற்கை வெள்ளம் விட்டு ஆற்றின் தரையையே அரித்துத் தாழ்த்தி வந்திருக்கின்றனர். காவிரியில் இம்முறையைக் கையாள்வது எளிதன்று. கலங்கல் வரும் ஆனி, ஆடியே நாம் துளித் துளியாக எண்ணித் தேக்கும் காலமும் ஆகும். குறுவைக்கு உரிய நீரை மண்ணுக்காகச் செலவிட எந்தக் குடியானவனும் இன்றைய நிலையில் சம்மதியான். மேலும், மேட்டூருக்கு வரும் மண்ணில் கணிசமான பங்கு அதற்கும் மேலே ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜ சாகரம் ஆகிய தேக்கங்களில் முன்னமே தங்கிவிடுவதால், ஓர் அணையில் மட்டும் மதகைத் திறப்பதால் பெரும்பயன் விளையாது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஓடும் நீர் நாள்தோறும் அளந்து எழுதப்படுவதுபோல், நான்கு அரசுகளும் அந்நீர் கொண்டுவரும் மணலையும் வண்டலையும் ஒவ்வொரு தேக்கத்தின் வாயிலிலும் அளந்து, நீரோடு சேர்த்தே ஒரே மேசையில் வைத்துப் பேசத் தொடங்கவேண்டும். வெள்ளம் மிகுந்து எப்படியும் திறந்தே ஆகவேண்டிய ஆண்டுகளில் எந்த மதகை, எந்த வாரத்தில், எத்தனை நாள் திறப்பது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானிக்கலாம்.